இரண்டாம் முறை கேட்டல்



மேற்கத்தியச் சாஸ்திரீய இசையை உயிராக நேசிக்கும் மூப்பர்கள் இருவர் நம் சபையில் உள்ளனர். பாடகர் குழுவில் ஒருவர் டெனர், மற்றவர் பாஸ். பல ஆண்டுகளாக அருகருகே நின்று பாடுகிறவர்கள். ஆயினும், பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியை எவர் நடத்தக் கேட்பது என்ற பேச்சு எழுந்துவிட்டால், ஆராதனை முடிந்து அரைமணி நேரமாகியும் ஆலய முற்றத்தை விட்டு அகலமாட்டார்கள். ஒருவருக்கு ஆர்துரோ டோஸ்கனினி. மற்றவருக்கு வில்ஹெல்ம் ஃபுர்ட்வெங்லர். இருவரும் சென்ற நூற்றாண்டின் புகழ்பெற்ற இசைநடத்துநர்கள். கண்டக்டர் என்று எழுதினால் நம்மவர்க்குப் பேருந்துதான் நினைவுக்கு வரும். ஆகவே இச்சொல்லையே கொள்கிறேன்.

டோஸ்கனினிக்கு இசைப்பிரதியில் எழுதப்பட்டிருப்பதே சட்டம். முறுக்கேறிய காலப்பிரமாணம், ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியே துலங்கும் தெளிவு. ஃபுர்ட்வெங்லரின் இசையோ மூச்சைப் போன்றது; ஓரிடத்தில் தயங்கும், ஓரிடத்தில் பாயும். அவருடைய கோல் நடுங்கி நடுங்கி இறங்குவதால், எந்தக் கணத்தில் வாசிக்கத் தொடங்குவது என்று இசைக்கலைஞர்களே திகைப்பார்களாம். எனக்கு ஃபுர்ட்வெங்லரே நெருக்கமானவர். ஆனால் இந்த வழக்கு ரசனையோடு முடிவதன்று.

பாஸ் பாடும் மூப்பர் போற்றிப் பாதுகாக்கும் ஒன்பதாவது சிம்பொனியின் ஒலிப்பதிவு 1942 மார்ச் மாதம் பெர்லினில் செய்யப்பட்டது. அடுத்த மாதம் 19ஆம் தேதி, ஹிட்லரின் பிறந்தநாளுக்கு முந்தின இரவு, ஃபுர்ட்வெங்லர் அதே சிம்பொனியை நாஜித் தலைவர்கள் முன்னிலையில் நடத்தினார். முடிவில் கோயபெல்ஸ் மேடையருகே வந்து அவர் கையைக் குலுக்கினார். அந்தக் காட்சி படச்சுருளில் இன்றும் இருக்கிறது. அதைத் தம் பேரன் காட்டக் கண்டபின் மூப்பர் என்னிடம் வந்து, “ஐயா, இந்த மனிதர் நடத்திய இசையைக் கேட்டு நான் கண்ணீர் விட்டிருக்கிறேனே, அது தகுமா?” என்று கேட்டார். மேய்ப்பனிடம் வழக்கமாக வரும் கேள்வி அன்று. ஆனால் கேட்டவருடைய முகத்தில் விளையாட்டு இல்லை.

டோஸ்கனினியின் பக்கம் நிற்பவர்க்கு இங்கே வழக்கு எளிது. 1931இல் பொலோன்யா நகரில் பாசிசக் கட்சியின் பாடலை வாசிக்க மறுத்ததற்காக அவர் அடிபட்டார். 1933இல் பைராய்த் இசைவிழாவை மறுத்தார். 1936 டிசம்பரில், ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த யூதக் கலைஞர்கள் பாலஸ்தீனத்தில் அமைத்த இசைக்குழுவின் முதல் கச்சேரியை ஊதியம் பெறாமல் நடத்தினார். ஃபுர்ட்வெங்லரோ ஜெர்மனியிலேயே தங்கினார். 1934இல் ஹிண்டமித் என்னும் இசையமைப்பாளருக்காகப் பத்திரிகையில் பகிரங்கமாக வாதாடித் தம் பதவிகளைத் துறந்ததும், யூதக் கலைஞர்கள் சிலரைக் காப்பாற்றியதும் மெய்யே. மறு ஆண்டே மேடைக்குத் திரும்பியதும் மெய்யே. 1946 டிசம்பரில் விசாரணை மன்றம் அவரை விடுவித்தது. மறு ஆண்டு, யூதரான யெஹூதி மெனுஹின் பெர்லினுக்கே சென்று அவரோடு வாசித்தார். சிகாகோ இசைக்குழு அவரை அழைத்தபோதோ, பெயர்பெற்ற கலைஞர் பலர் எதிர்த்ததால் அழைப்பு 1949இல் கைவிடப்பட்டது. துன்புற்ற ஜனத்தாரிடையேயும் ஒரே தீர்ப்பு இல்லை என்பதை நாம் மறந்துவிடலாகாது.

நான் மூப்பருக்குச் சொன்னது இதுவே: “கேளுங்கள். ஆனால் அந்தத் தேதியை உறையிலிருந்து கிழித்துவிட்டுக் கேளாதிருங்கள்.” இசையின் அழகு ஒருவரைக் குற்றமற்றவராக்கிவிடாது என்று நம்புகிறேன். அவர் செய்த குற்றம் இசையின் அழகை இல்லாததாக்கும் என்றும் என்னால் சொல்லக்கூடவில்லை. டெனர் மூப்பருக்கு இப்பதில் சற்றும் பிடிக்கவில்லை. “ஐயா வழுக்குகிறீர்கள்” என்றார்.

இவ்விருவரும் மனமொத்துப் பேசும் இடம் ஒன்று உண்டு: ஆர்னால்ட் ஷோன்பெர்க்கின் பிந்தைய இசை. “அது இசையே அன்று, இரைச்சல்” என்பர். சுருதிப்பெட்டியோடு கீர்த்தனை பாடி வளர்ந்த நமக்கு ஆதார ஸ்வரம் வீட்டு வாசலைப் போன்றது. எங்கே சுற்றினாலும் அங்கே வந்து சேர்வோம். ஷோன்பெர்க் அந்த வீட்டை எடுத்துவிட்டார். பன்னிரண்டு ஸ்வரங்களுக்கும் ஒரு வரிசை வகுத்து, எதற்கும் தலைமை தராமல் இசை அமைத்தார். அதற்கும் முன்பே, 1913 மார்ச் 31 அன்று வியன்னாவில் அவர் நடத்திய கச்சேரி கூச்சலிலும் கைகலப்பிலும் சிக்கிப் பாதியிலேயே நின்றுபோயிற்று. 1918இல் அவர் ஒரு சங்கம் தொடங்கினார். விமர்சகர்களுக்கு அனுமதி இல்லை. அன்று வாசிக்கப்படுவது இன்னதென முன்னறிவிப்பும் இல்லை. சீழ்க்கையடிக்கவோ கைதட்டவோ கூடாது. ஒரே படைப்பு மீண்டும் மீண்டும் வாசிக்கப்படும். கைதட்டலையும் அவர் தடுத்தாரே, அதை நெடுநாள் யோசித்திருக்கிறேன். புகழ்வதற்கு விரையும் கையும் செவியை மூடிவிடும் என்று எண்ணினார் போலும்.

நம் மூப்பர்கள் அறியாத ஒன்றுண்டு. ஷோன்பெர்க்கின் ‘இசைக்குழுவுக்கான மாறுபாடுகள்’ 1928 டிசம்பர் 2 அன்று பெர்லினில் முதன்முதலாக ஒலித்தபோது, அவையோரின் எதிர்ப்புக்கிடையே அதை நடத்தியவர் ஃபுர்ட்வெங்லரேதான். ஐந்து ஆண்டுகளுக்குள் ஷோன்பெர்க் பெர்லினை விட்டு வெளியேற நேர்ந்தது. 1898இல் ஞானஸ்நானம் பெற்று புராட்டஸ்டண்ட் சபையில் சேர்ந்திருந்த அவர், 1933இல் பாரிஸில் யூத மார்க்கத்திற்குத் திரும்பினார். கிறிஸ்தவ நாடுகள் எனப்பட்டவை அந்நாட்களில் அவருடைய ஜனத்துக்குச் செய்ததை எண்ணும்போது, அந்தத் திரும்புதலைப் பற்றி எனக்குப் பேச வாயில்லை.

அவர் 1947இல் அமைத்த ‘வார்சாவிலிருந்து உயிர்தப்பியவன்’ ஏழு நிமிடமே நீடிப்பது. விஷவாயு அறைக்கு அனுப்புவதற்காகக் கைதிகளை எண்ணச் சொல்லுகிறான் ஓர் அதிகாரி. எண்ணிக்கை வேகம் கூடிக்கொண்டே போகிறது. திடீரென அவர்கள் அனைவரும் சேர்ந்து பாடத் தொடங்குகிறார்கள்: உபாகமம் ஆறாம் அதிகாரத்திலுள்ள ‘ஷெமா’ ஜெபம். கேள் என்பதே அச்சொல்லின் பொருள். வீடிழந்த அந்த ஸ்வரங்கள் எதற்கென்று அவ்விடத்தில் எனக்கு விளங்கிற்று; இனிய சுருதியில் அதைப் பாடியிருந்தால் பொய்யாகியிருக்கும்.

அதன் முதல் அரங்கேற்றம் பெர்லினிலோ நியூயார்க்கிலோ நிகழவில்லை. 1948 நவம்பர் 4 அன்று, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்து ஆல்புகெர்க்கி என்னும் ஊரில், பெரும்பாலும் தொழில்முறை சாராத பாடகர்களையும் வாசிப்பவர்களையும் கொண்டு, வியன்னாவிலிருந்து குடிபெயர்ந்த கர்ட் ஃபிரெடெரிக் அதை நடத்தினார். முடிந்ததும் அவை அசையவில்லை. கைதட்டலும் இல்லை, கூச்சலும் இல்லை. அவர் ஒரு சொல்லும் பேசாமல் கோலை உயர்த்தி, முதலிலிருந்து முழுவதையும் மறுபடி நடத்தினார். அதன் பின்னரே கைதட்டினார்கள்.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் வேதபாட அறையில் அந்த ஏழு நிமிடத்தை இருமுறை ஒலிக்கச் செய்யவிருக்கிறேன். மூப்பர்கள் இருவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். டெனர் மூப்பர் மட்டும், ஒருமுறை போதாதா என்று கேட்டிருக்கிறார்.