திருக்கூட்டமும் முன்னோர் பெயரும்

சபை ஒன்று நிறுவப் புகுவோர், தலைவரைத் தெரிதலும் விதிகளை வகுத்தலும் பொருள் திரட்டலுமே முதற்கண் செயற்பாலன என்று கருதுவர். சைவத் திருக்கூட்டம் நிலைபெற்ற முறை வேறு. திருவாரூரில் தேவாசிரியன் மண்டபத்தே அடியார்கள் குழுமியிருப்ப, சுந்தரமூர்த்தி சுவாமிகள் அவர்களை அணுகி வணங்காது ஒருபுடை ஒதுங்கிச் சென்றனர். மலைநாட்டுச் செங்குன்றூரினின்றும் வந்திருந்த விறன்மிண்டர் அதனைப் பொறாராய், அவரையும் அவரை ஆண்ட பெருமானையும் ஒருங்கே விலக்கி நின்றனர் என்பது சேக்கிழார் உரைத்த வரலாறு. அக்கடிந்துரையின் பயனாகத் தோன்றியதே 11 திருப்பாட்டுக்களாலாகிய திருத்தொண்டத்தொகை.

அத்தொகையுள் இடம்பெற்றோர் யாவர்? கலம் வனைந்தவர், வலை வீசியவர், அழுக்கறுத்தவர், செக்காட்டியவர், தறி நெய்தவர், முடி புனைந்தவர் ஆகிய அனைவரும் அதன்கண் உளர். ஒருவரினும் ஒருவர் உயர்ந்தாரென்னும் வரிசை ஆண்டில்லை. யாவர்க்கும் சுவாமிகள் தம்மை அடியரென்றே சொல்லினர். பின்னோர் எண்ணிய தனியடியார் 63 பேரேயன்றித் தொகையடியார் 9 திறத்தாரும் உளர். அவருள் ‘அப்பாலும் அடிச்சார்ந்தார்’ என்னும் திறம் ஊன்றி நோக்கத்தக்கது. மூவேந்தர் தமிழ்நாட்டுக்கு அப்பால் உள்ளாரும், அத்தொண்டர்களின் காலத்திற்கு முன்னும் பின்னும் வாழ்ந்தாரும் அதனுள் அடங்குவர். பெயர் அறியப்படாமை பற்றி ஒருவரும் விடப்பட்டிலர்.

இத்தொகையை நம்பியாண்டார்நம்பி அந்தாதியாக வகுத்தனர். சேக்கிழார் புராணமாக விரித்தனர். 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், செய்யுட் பயிற்சி இல்லாரும் முன்னோர் வரலாற்றை அறிதற்பொருட்டு 1852இல் பெரியபுராணத்தை வசனமாக அச்சிட்டனர். பள்ளிக்கூடம் திறந்தவர் நான்காண்டினுள் அடியார் சரிதத்தை அச்சேற்றியது தற்செயல் அன்று. அவர் 1879இல் இறைவன் திருவடி எய்திய பின்னரும் அவர் தொடங்கிய பணி ஓயவில்லை. 1888இல் யாழ்ப்பாணத்தில் சைவபரிபாலன சபை தோன்றிற்று.

நிற்க, இக்காலத்துச் சபைகளின் ஆண்டு மலர்களை நோக்குவோம். பெருநிதி வழங்கினாரும் தலைமை தாங்கினாரும் படத்தோடு விளங்குகின்றனர். பிடியரிசி அளித்த இல்லங்களையும், விழாத்தோறும் பந்தற்கால் நட்டவரையும், மடைப்பள்ளியிற் புகையுண்டவரையும் காண்டல் அரிது. அஃதேனும் மறதி எனலாம். சபையோடு மாறுபட்டு, குற்றம் எடுத்துரைத்து, வெளியேறினாருடைய பெயரை வேண்டுமென்றே நீக்கிவிடும் வழக்கமும் உண்டு. அத்தகைய மலரைப் படிப்போர், அச்சபையில் என்றும் வழக்கே நிகழ்ந்ததில்லை என்று எண்ணுவர்.

சுந்தரமூர்த்தி சுவாமிகளோ, தம்மைப் புறம்பாக்கிய விறன்மிண்டரைத் திருத்தொண்டத்தொகையின் முதற் றிருப்பாட்டிலேயே வைத்து, அவர்க்குத் தாம் அடியர் என்றனர்.