ஊர் என்ன சொல்லும்?

கூடல் நகர் என்பர். சங்கம் வளர்த்த நகர் என்பர். தூங்கா நகர் என்பர். மதுரையின் பெருமை பேசுவதில் நாம் என்றுமே சளைத்தவரல்லர். ஆனால், 2012ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 29ஆம் நாள், அம்மாநகரிலே வேறொரு பெருமை நடந்து சென்றது. கோபி சங்கரும் அவர் தொடங்கிய சிருஷ்டி மதுரை அமைப்பினரும் நடத்திய வானவில் பேரணி அது. கணினி இயலுக்கு வித்திட்ட அறிஞர் ஆலன் டூரிங், ஆணை நேசித்தார் என்பதற்காக 1952இல் இங்கிலாந்தில் தண்டிக்கப்பட்டார். அவர் பிறந்த நூற்றாண்டில் நடந்த அவ்விழாவுக்கு அவர் பெயரையே சூட்டினர்.

'பிரைடு' என்கிறது ஆங்கிலம். சென்னைத் தோழர்கள் 2009 முதல் நடத்திவரும் பேரணிக்குத் தமிழிலே இட்ட பெயர் என்ன? வானவில் சுயமரியாதைப் பேரணி! சுயமரியாதை—1925இல் பெரியார் இயக்கமாக்கிய சொல். நம் வீட்டுச் சொல். அச்சொல்லைக் கொடியாக ஏந்தியவர் நம் வீட்டு வாயிலுக்கு வந்தபோது, நாம் என்ன செய்தோம்?

வெட்கத்தோடு சொல்கிறோம். மதுரைக்கு மேற்கே, வைகைக் கரை வயல்களை ஒட்டிய சிற்றூரில் இருக்கிறது நமது படிப்பகம். சுவரிலே பெரியார், அண்ணா படங்கள். ஒரு மாலை இளைஞர் ஒருவர் வந்தார். கழுத்திலே காமிரா, கையிலே, பேரணிகளின்போது தெருவில் எடுத்த படங்கள். "ஒரு வாரம் இந்தச் சுவரில் மாட்டிக்கொள்ள இடம் தருவீர்களா?" என்று கேட்டார்.

"ஊர் என்ன சொல்லும் தம்பி? பெண்கள் வந்துபோகும் இடமாயிற்றே!" என்றோம்.

சொன்னவர் சனாதனியல்லர், மடாதிபதியல்லர். நாம்! இளைஞர் வாதாடவில்லை. படங்களைத் துணிப்பையில் இட்டுக்கொண்டு, "வீட்டிலும் இதையேதான் சொன்னார்கள், அண்ணே" என்று கூறிப் போய்விட்டார்.

அச்சொல் நம்மை உறங்கவிடவில்லை. ஏடுகளைப் புரட்டினோம். சுனில் குப்தா என்ற ஒளிப்படக் கலைஞரைப் பற்றிப் படித்தோம். 1953இல் டில்லியில் பிறந்தவர். 1976இல் நியூயார்க் நகரின் கிறிஸ்டோபர் தெருவிலே காமிராவும் கையுமாக நடந்தவர். 1969இல் போலீசின் கெடுபிடியை எதிர்த்துக் கிளர்ச்சி மூண்ட தெரு அது. அங்கே எடுத்த படங்களில், தன்பாலை விரும்பும் ஆடவர் தலை நிமிர்ந்து நடக்கின்றனர். பத்தாண்டு கழித்து, 1986-87இல், 'எக்சைல்ஸ்' என்ற வரிசைக்காக டில்லியிலே எடுத்த படங்களிலோ பலருக்கு முகமே இல்லை! ஏன்? 1860இல் வெள்ளையன் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு தலைக்கு மேல் தொங்கியது. 'மேனாட்டு இறக்குமதி' என்று இவர்களை ஏசுவோரே! கப்பலேறி வந்தது காதலன்று, கைவிலங்கு!

2009இல் டில்லி உயர்நீதிமன்றம் அவ்விலங்கைத் தளர்த்திற்று. ஆயினும் 2012 மார்ச்சில், டில்லி அலியான்ஸ் பிரான்சேசில் குப்தாவின் படக்காட்சி திறந்ததும் புகார் பறந்தது, போலீஸ் வந்தது, காட்சி மூடப்பட்டது. சட்டம் தளர்ந்தும் மனம் தளரவில்லை. நான்கு திங்களில் மதுரையில் பேரணி நடந்தது. தலைநகரின் சுவர் மறுத்த இடத்தை நம் மதுரைத் தெரு தந்தது. 2013இல் உச்சநீதிமன்றம் விலங்கை மீண்டும் பூட்டிற்று. 2018 செப்டம்பர் 6ஆம் நாள் தானே அதை உடைத்தது.

2019 ஏப்ரலில், உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஆணொருவருக்கும் திருநங்கை ஒருவருக்கும் நடந்த மணத்தைப் பதிவு செய்ய ஆணையிட்டது. 'மணமகள்' என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்றது. ஒருபால் மணத்துக்கோ, 2023இலும் உச்சநீதிமன்றம் உரிமை வழங்கவில்லை.

புரோகிதரை விலக்கி மணந்தோரின் திருமணம் செல்லாது என்று சொன்ன நாடு இது. அவர்களைப் பார்த்தும் ஊர் கேட்டது, உறவு கேட்டது. 'ஊர் என்ன சொல்லும்' என்று அவர்கள் அஞ்சி ஒதுங்கியிருந்தால், 1967இல் அண்ணாவின் அரசு சுயமரியாதைத் திருமணச் சட்டம் இயற்றியிருக்குமா? அந்த மணங்களின் பயனை நுகரும் நாம், அதே கேள்வியை இன்னொருவர் முகத்தில் வீசலாமா?

கூவாகத்தில் சித்திரை தோறும் திருநங்கையரைச் சுற்றிக் காமிராக்கள் மொய்க்கின்றன. கடவுள் பெயரால் தரப்படும் அந்தச் சில நாள் வேடிக்கை, வாழ்வாகிவிடுமா? திருவிழா முடிந்தபின் வாடகைக்கு வீடு கேட்டால் கதவு திறக்கிறதா? நம் சுவரும் அந்தக் கதவைப்போலத்தானே அன்று நின்றது!

தோழர்களே, அந்த இளைஞருக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். மன்னிப்புக் கேட்டிருக்கிறோம். பெரியார் படத்துக்குப் பக்கத்திலேயே ஆணிகள் அடித்தாகிவிட்டன. பதில் இன்னும் வரவில்லை. வரும்வரை அச்சுவர் வெறுமையாகவே இருக்கும். படிக்க வருவோர், 'இங்கே ஆணி எதற்கு?' என்று கேட்கின்றனர். நடந்ததை மறைக்காமல் சொல்கிறோம்.