ஓடையோர மரங்கள்

பொழுது சாய்ந்து வெகு நேரமாகியிருந்தது. வால்பாறையில் ஓர் ஓடைக்கரையில் நின்றிருந்தோம். இரு பக்கமும் மேடும் சரிவுமாகத் தேயிலை; ஓடையை ஒட்டி மட்டும் பழைய மழைக்காட்டு மரங்கள் வரிசையாக மிஞ்சியிருந்தன. உடன் வந்த ஆய்வு மாணவர் கையில் ஒரு சிறு கருவி. வௌவாலின் மீயொலியை நம் காதுக்கு எட்டும்படி மாற்றித் தருவது. மரங்களின் பக்கம் அதை நீட்டினார். நடுங்கும் சீட்டி போல ஓர் ஓசை எழுந்தது.

"லாடமூக்கு வௌவால் சார்" என்றார் தணிந்த குரலில்.

நம் செவி 20 கிலோஹெர்ட்சோடு நின்றுவிடும். இதன் குரலோ ஏறத்தாழ அதைப் போல் நான்கு மடங்கு. கருவியைத் தேயிலைப் பக்கம் திருப்பினார். சீட்டி இல்லை. வெகு நேரம் கழித்து, உயரத்தில் 'டக், டக்' என்று வேறொரு வௌவால் கடந்து போயிற்று.

அன்றுவரை எனக்கு வௌவால் என்றால் எல்லாம் ஒன்றுதான். கோயில் மண்டபத்து இருட்டில் தொங்குவது. அப்படி இல்லை என்று அந்த ஓடைக்கரையில் புரிந்தது. நீண்டு ஒடுங்கிய சிறகுள்ளவை திறந்த வெளியில் வேகமாகப் பறந்து பூச்சி பிடிக்கும். தேயிலைக்கு மேலேயும் அவற்றுக்குப் பிழைப்பு உண்டு. லாடமூக்கின் சிறகு குட்டை, அகலம். இலைக்கும் இலைக்கும் நடுவே வளைந்து வளைந்து பறப்பது அது. அவ்வளவு உயர்ந்த ஒலி காற்றில் வெகுதூரம் போகாது. எதிரொலி தர இலைதழை அருகிலேயே இருக்க வேண்டும். நாம் ஐந்து நிமிடத்தில் நடந்து கடக்கும் தேயிலைச் சரிவு அது தாண்டத் தயங்கும் வெளி.

இந்த மலையில் காடு துண்டுபட்டது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், தோட்டப் பயிருக்காக. மிஞ்சிய துண்டுச் சோலைகளிலும், ஓடையோரங்களிலும், நாட்டு மர நிழலில் வளரும் காபித் தோட்டங்களிலும் காட்டு வௌவால்கள் இன்னும் பல இருக்கின்றன. தேயிலை மட்டுமே உள்ள இடத்தில்தான் வகை குறைந்துபோகிறது.

வகை பிரித்துப் பார்க்காததால் நேரும் இழப்புக்கு இதே மலைத்தொடரில் உள்ள மேகமலையில் ஒரு சான்று உண்டு. 1948இல் அங்கே ஹட்டன் என்ற இயற்கை ஆர்வலர் பிடித்த ஒரு பழந்தின்னி வௌவால், சாதாரணக் குட்டைமூக்கு வகை என்று பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் கிடந்தது. உலகில் அதற்கு முன் அறியப்படாத பேரினம் அது என்று 1972இல் தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா கண்டுகொண்டு, பறவையியலாளர் சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் அது இல்லை. பழந்தின்னி வௌவால்கள் காட்டு அத்தியின் விதையை ஒரு சோலையிலிருந்து இன்னொரு சோலைக்குச் சுமந்து செல்கின்றன. பெரும்பாலான வௌவால்களுக்கு ஓர் ஈற்றில் ஒரே குட்டி. எண்ணிக்கை குறைந்தால் எளிதில் மீளாது.

போன காட்டை ஒரே நாளில் திருப்பித் தர யாராலும் முடியாது. ஆனால் ஓடையோர மரங்களை விட்டுவைக்க முடியும். முப்பதடி அகலம்கூட இராத அந்த வரிசைதான் லாடமூக்கு வௌவால் அடுத்த சோலைக்குப் போகும் வழி. அதில் ஒரு மரத்தையும் சாய்த்துவிடாதீர்கள் என்று எஸ்டேட்காரர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.