மௌனத்துக்கு எத்தனை புள்ளி?

வகுப்பிலே வாய் திறவாத மாணவனை மந்தன் என்று மதித்துவிடுவது ஆசிரியத் தொழிலில் நெடுநாளாக இருந்துவரும் ஒரு பழக்கம். நானும் அதற்கு விலக்கானவனல்லன். பதினாறு ஆண்டுகள் யாழ்ப்பாணத்திலே ஆங்கிலம் படிப்பித்த பின்பும் என்னைவிட்டு நீங்காதிருந்த அப்பழக்கத்தைத் திருத்தியவர் பின்லாந்து தேசத்துப் பொறியியலாளர் ஒருவர். திருந்தியவன் நான், அதற்கு விலை கொடுத்தவரோ அவர்.

2017ஆம் ஆண்டில் என் மனைவி மேற்படிப்பின் பொருட்டுத் தம்பெரே நகருக்குச் சென்றபொழுது, சம்பளமற்ற விடுமுறை பெற்று நானும் உடன் சென்றேன். தம்பெரே இரண்டு ஏரிகளுக்கு நடுவே அமைந்த கைத்தொழில் நகரம். ஓர் ஏரியிலிருந்து மற்றதற்குப் பாயும் நீரின் வேகத்தைக் கொண்டே அங்கு ஆலைகள் எழுந்தன. 1820ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்துக்காரராகிய ஜேம்ஸ் பின்லேசன் தொடங்கிய தொழிற்சாலை பின்னர் பெரும் பஞ்சாலையாயிற்று. இன்று அந்நகரத்துப் பொறியியலாளரும் கணக்காளரும் பல தேசத்தவரோடும் வியாபாரம் பேசுகின்றனர். பின்லாந்தின் குடிசனமோ 55 இலட்சம் அளவே. எல்லையைக் கடந்தால் அவர்களுடைய பின்னிஷ் மொழி பெரும்பாலும் உதவாது. ஆகையால் உத்தியோகத்தருக்கு வியாபார ஆங்கிலமும் உரையாடலும் கற்பிக்கும் நிலையம் ஒன்றில் எனக்கு மாலைநேர வேலை கிடைத்தது. ஒரு கம்பனியிலிருந்து எண்மர் வந்தனர்.

முதல் மாதம் வியப்பிலேயே கழிந்தது. பின்னிஷ் மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டென்று 1856ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலிலே கால்டுவெல் கருதினார். இன்றைய மொழியறிஞர் அதனை ஒப்புவதில்லை. உறவு இல்லையாயினும், அம்மாணவர் விட்ட பிழைகள் எனக்குப் பழகிய பிழைகளாகவே இருந்தன. 'தலொ' என்றால் வீடு. 'தலொஸ்ஸ' என்றால் வீட்டில். நாம் உருபைச் சொல்லின் ஈற்றிலே ஒட்டுவதுபோல அவர்களும் ஒட்டுகின்றனர். நமக்கு வேற்றுமை எட்டு, அவர்களுக்கோ பதினைந்து. எனவே ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு முன்னே வந்து நிற்கும் 'இன்', 'ஒன்', 'அட்' முதலிய சிறு சொற்கள் நம்மை மயக்குவதுபோலவே அவர்களையும் மயக்கின.

'துலி' என்றால் தீ. 'தூலி' என்றால் காற்று. 'துல்லி' என்றால் சுங்கம். குறிலும் நெடிலும் ஒற்றும் அறிந்த தமிழனுக்கு இஃது எளிது. ஆனால் கணக்குச் சிட்டையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் மாத்திரையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அவர்கள் வாயிலே ஒன்றாகவே ஒலித்தன. நாமும் அவ்விரண்டையும் 'பில்' என்றுதானே எழுதுகிறோம்! ஆணுக்கும் பெண்ணுக்கும் அவர்களுக்குச் சுட்டுச்சொல் ஒன்றே. ஆதலால் தம் முகாமையாளராகிய அம்மையாரைப் பற்றிப் பேசும்பொழுது 'ஹீ' என்று தொடங்கி, உடனே நாவைக் கடித்துக்கொள்வார்கள்.

'பிளீஸ்' என்பதற்கு நேரான தனிச்சொல் அம்மொழியில் இல்லை. 'தா' என்பதை நாம் 'தாருங்கள்' என்று ஆக்குவதுபோல, வினையின் வடிவை மாற்றியே பணிவைக் காட்டுவர். ஆங்கிலத்திலே எழுதும்போது அப்பணிவு வழியில் உதிர்ந்துபோய், 'வெள்ளிக்கிழமைக்குள் கணக்கை அனுப்பு' என்று வெறுங் கட்டளையாய் நிற்கும். கடிதப் பாடத்தின் பாதி இதனைச் செப்பனிடுவதிலேயே சென்றது.

உரையாடல் வகுப்புத்தான் என்னைச் சோதித்தது. சுகம் விசாரிக்கும் முறையில் அவர்கள் 'மிதா கூலூ?' என்பர். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'என்ன கேட்கிறது?' என்பது பொருள்; நம் ஊரில் 'என்ன புதினம்?' என்பதற்கு அது வெகு கிட்டியது. ஆனால் ஆங்கிலத்தில் 'ஹவ் ஆர் யூ?' என்று நான் கேட்டால், அது வெறும் உபசாரம் என்று கொள்ளாமல், உண்மையான விடையைத் தேடி மௌனமாயிருப்பர். அந்த மௌனம் என்னால் தாங்கக்கூடியதாய் இல்லை. வெளியே பிற்பகல் மூன்று மணிக்கே இருண்டுவிடும் மார்கழி. உள்ளே எட்டு மௌனங்கள்.

அவர்களுள்ளும் மிக அமைதியானவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பொறியியலாளர். தவணை முடிவிலே ஒவ்வொருவரைப் பற்றியும் அறிக்கை தரும்படி கம்பனி கேட்டது. அவர் பெயருக்கெதிரே, 'உரையாடத் தயங்குகிறார். ஊக்கம் போதாது' என்று எழுதினேன். எழுத ஒரு நிமிடமும் ஆகவில்லை. வெளிநாட்டுக் கொள்வனவாளருடன் பேசுவதற்கு அவரை அனுப்ப எண்ணியிருந்தார்கள் என்பதும், என் அறிக்கையைக் கண்டு வேறொருவரை அனுப்பினார்கள் என்பதும் பின்னரே எனக்குத் தெரியவந்தன.

அடுத்த வாரம் அவர் வழக்கமான இடத்திலேயே வந்து அமர்ந்தார். இடைவேளையிலே எனக்கும் ஒரு கோப்பி வார்த்துத் தந்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்:

"நீங்கள் கேட்ட வினாவுக்கு விடையை அமைத்துக்கொண்டிருந்தேன். அமைத்து முடித்தபொழுது நீங்கள் அடுத்தவரிடம் போய்விட்டீர்கள். எட்டு வாரமும் அப்படியே."

அவர் குரலிலே கோபமில்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாயிருக்கும்.

உச்சரிப்பைத் திருத்துவதற்காக வகுப்புக்களை ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தேன். அன்றிரவு அவற்றை மீண்டும் கேட்டேன். என் வினாவுக்கும், நானே குறுக்கிட்டுப் பேசிய அடுத்த சொல்லுக்கும் இடையே இரண்டு செக்கனும் இல்லை. வினாவிய ஆசிரியர் விடைக்காகப் பொதுவாக ஒரு செக்கன் அளவே காத்திருக்கின்றார் என்றும், மூன்று செக்கன் பொறுத்தால் மாணவரின் விடை நீண்டும் தெளிந்தும் வருகின்றது என்றும் அமெரிக்கக் கல்வியாய்வாளராகிய மேரி பட் ரோ 1970களிலேயே எழுதியிருந்தார். பயிற்சிக் காலத்திலே அதனைப் படித்து, பரீட்சையில் எழுதிப் புள்ளியும் பெற்றவன் நான்!

மறுவாரம் வகுப்பிலே என் பிழையைச் சொன்னேன். இனி ஒவ்வொரு வினாவுக்கும் மனத்துக்குள் ஐந்து எண்ணிய பின்பே பேசுவேன் என்றேன். அன்று அந்தப் பொறியியலாளர், இயந்திரமொன்றின் சுழலும் உறுப்பில் எழும் ஓசையைக் கொண்டே அது பழுதுபடப் போவதை முன்கூட்டி அறியும் விதத்தைப் பத்து நிமிடம் விளக்கினார். ஒவ்வொரு வாக்கியமும் முழுமையாக அமைந்து வந்தது.

ஆயின், பொறுமை ஆசிரியனுக்கு மாத்திரம் போதுமா? ஆங்கிலம் பேசும் வியாபாரி ஐந்து எண்ணமாட்டான். மௌனத்தைச் சம்மதமின்மையாகவோ அறியாமையாகவோ எடுத்துக்கொள்வான். ஆகவே, 'சற்று யோசித்துச் சொல்கிறேன்' என்று பொருள்படும் சிறு ஆங்கில வாக்கியம் ஒன்றை முதலிற் சொல்லிவிட்டு, அதன் பின் வேண்டிய மட்டும் மௌனமாயிருக்கும்படி அவர்களுக்குக் கற்பித்தேன். இரண்டு ஆண்டிலே நான் படிப்பித்தவற்றுள் மிகவும் பயன்பட்டது அந்த ஒரு வாக்கியமே என்று அவர்கள் பின்னர் கூறினர். கம்பனிக்கும் என் அறிக்கை தவறானதென்று கடிதம் எழுதினேன். அடுத்த முறை அவரையே அனுப்புவதாகப் பதில் வந்தது. ஆனால் முடிந்துபோன பயணம் முடிந்ததுதான்.

2019ஆம் ஆண்டில் ஊர் திரும்பினேன். முதல் வாரத்திலே, கடைசி வாங்கில் இருந்த மாணவன் ஒருவனை எழுப்பி ஒரு வினாக் கேட்டேன். நாலு பக்கமும் கைகள் உயர்ந்தன. அவற்றை இறக்கச் சொல்லிவிட்டு எண்ணத் தொடங்கினேன். ஐந்து சென்றது, ஏழும் சென்றது. அவன் விடை சொன்னான், சரியான விடை. சொல்லிவிட்டு, வேறு யாரோ சொன்னதுபோலத் தானே திரும்பிப் பார்த்தான்.

வீட்டுக்கு வரும் விருந்தினர், 'தம்பி, என்ன படிக்கிறாய்?' என்று கேட்டால், பிள்ளை வாய் திறக்குமுன் நாமே விடை சொல்லிவிடுகிறோம். பின்னர், 'இவன் ஒன்றும் பேசமாட்டான்' என்று குறையும் சொல்கிறோம். பெற்றோர் அந்த ஐந்து செக்கனையும் பிள்ளைக்கே விட்டுக்கொடுத்துப் பார்க்கவேண்டும்.

கம்பனிக்கு எழுதியதுபோல ஒரு திருத்தக் கடிதம் இன்னும் என் மனத்தில் எழுதப்படாமல் இருக்கிறது. முந்திய பதினாறு ஆண்டுகளில் என் தேர்ச்சி அறிக்கைகளிலே 'ஊக்கம் போதாது' என்று பெயர் பெற்றுச் சென்ற பிள்ளைகளுக்கு உரியது அது. அவர்கள் இன்று எங்கெங்கு இருக்கின்றார்களோ! எந்த முகவரிக்கு அதனை அனுப்புவேன்?