வேதாளக் குன்றில் ஒரு பகல்

சித்திரை பிறந்துவிட்டால் புனே நகரத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரே பேச்சுத்தான். விடுமுறைக்குக் குழந்தைகளை ஊருக்கு அனுப்புவதா, இங்கேயே வைத்துக்கொள்வதா? முன்னாளில் இவ்வினாவுக்கே இடமிருந்ததில்லை. கிர்க்கீ என்று அந்நாளில் வழங்கிய கட்கியின் வெடிமருந்துத் தொழிற்சாலையிலும், இரயில்வேயிலும் பணிபுரிந்த நம் பெரியோர், பள்ளி மூடிய மறுநாளே மூட்டை முடிச்சுகளுடன் வண்டியேறிவிடுவர். குழந்தைகள் பாட்டி வீட்டு வேப்பமர நிழலில் ஆடிக் களித்து, முழங்காலில் நான்கு காயங்களும் வாயில் நாற்பது புதுச் சொற்களுமாகத் திரும்புவர். இன்றோ தாயும் தந்தையும் அலுவலகம் செல்கின்றனர். ஊரில் பாட்டன் வீடு பூட்டிக் கிடக்கிறது, அல்லது விற்றாகிவிட்டது. ஆகவே, நான்காம் மாடியில் கைப்பேசியைக் கையில் கொடுத்து உட்கார்த்தி வைப்பதைவிட, இயற்கைப் பகல் முகாமுக்கேனும் அனுப்புவோம் என்று பெற்றோர் பலர் எண்ணத் தலைப்பட்டிருக்கின்றனர். நல்ல எண்ணமே. ஆயினும் பணம் கட்டிப் பெயர் பதிந்துவிட்டால் கடமை முடிந்தது என்று கருதுவோரையும் நாம் காண்கிறோம். அவர்களுக்காகவே இதனை எழுதுகிறோம்.

புனேவில் குழந்தைகளை அழைத்துச் செல்லத்தக்க இடங்களுக்குக் குறைவில்லை. குதிரைப் பந்தயத் திடலுக்கு அருகே 39 ஏக்கர் பரப்பில் எம்பிரஸ் தோட்டம் இருக்கிறது. வானளாவிய மரங்களும், அவற்றின்மீது பாம்பெனப் பின்னிப் படர்ந்த பருத்த கொடிகளும் உச்சிப் பொழுதிலும் அங்கே இருள் செய்கின்றன. பாஷாண் ஏரியில் நீர்ப்பறவைகளைக் காணலாம். தள்ஜாய்க் குன்றில் நிழற்பாதைகள் உண்டு. எனினும் நம் உள்ளம் கவர்ந்தது வேதாள் டேகடி என்னும் குன்றுதான். டேகடி என்றால் மராத்தியில் சிறுகுன்று. நகரத்தின் உயர்ந்த குன்று இதுவே. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 800 மீட்டர். உச்சியில் வேதாளத்திற்கு ஒரு கோயில் இருக்கிறது. விக்கிரமாதித்தன் கதை கேட்ட குழந்தையிடம் 'நாளை வேதாளத்தின் வீட்டுக்குப் போகிறாய்' என்று சொல்லிப் பாருங்கள். மறுநாள் அதனை எழுப்பவே வேண்டியிராது.

கீழே சட்டக் கல்லூரிச் சாலையில், 1917-இல் நிறுவப்பட்ட பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வுக்கழகம் பழஞ்சுவடிகளைக் காத்து நிற்கிறது. அதன் பின்புறமெல்லாம் குன்றின் சரிவே. காலை ஆறரை மணிக்கு ஏறினால் காற்று குளிர்ந்திருக்கும். மயில் அகவுவது கேட்கும். பாதையின் இருமருங்கும் கருங்கல். இக்கல் ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பூமியின் பிளவுகளிலிருந்து வழிந்தோடிய எரிகுழம்பு ஆறிக் கெட்டிப்பட்டது. தக்காணத்தின் பெரும்பகுதி இவ்வாறு அடுக்கடுக்காய்ப் படிந்ததே. நம் ஊர்க் குன்றுகளின் பாறையோ இதனினும் பன்மடங்கு பழமையுடையது. மேலே பழைய கற்சுரங்கம் ஒன்று நீர் தேங்கிக் குளம் போல் கிடக்கிறது. அதன் விளிம்பில் கைப்பிடிச் சுவரை எதிர்பார்த்தல் கூடாது. குழந்தைகளைக் கூட்டிச் செல்வோர் அங்கே எத்தனை பெரியவர்களை நிறுத்துவர் என்று முன்னரே கேட்டறிதல் பெற்றோரின் முதற்கடமை.

வேறு சிலவற்றையும் கேட்கலாம்; கேட்பதில் கூச்சம் வேண்டா. எத்தனை குழந்தைக்கு ஒரு பொறுப்பாளர்? பெண் பொறுப்பாளர் உண்டா? கழிப்பிடம் எங்கே? முதலுதவிப் பெட்டியைச் சுமப்பவர் யார்? மலையிலிருந்து இறங்கி மருத்துவமனை சேர எவ்வளவு நேரமாகும்? இவற்றிற்குத் தயங்காமல் விடை சொல்பவரிடம் குழந்தையை ஒப்படைக்கலாம். 'அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்' என்று சிரிப்பவரிடம் ஒப்படைக்குமுன் இருமுறை எண்ணுங்கள்.

இனி நம்மவர்க்கே உரிய ஒரு தொல்லையைச் சொல்ல வேண்டும். மொழியைக் குறித்தது அது. நம் குழந்தைகள் வீட்டில் தமிழும் வகுப்பில் ஆங்கிலமும் பேசுகின்றனர்; மராத்தியைப் பாடமாகப் படிக்கின்றனர். பாடத்தில் நூற்றுக்கு எண்பது வாங்கும் குழந்தை, குன்றின்மேல் ஓடிக்கொண்டிருக்கையில் 'தாம்ப்!' என்று ஒருவர் கூவினால் சட்டென நிற்குமா? மதுரையிலிருந்து புதிதாய்க் குடிவந்த குடும்பத்துப் பெண் குழந்தை ஒன்று, சென்ற ஆண்டு ஒரு முகாமில் தலை சுற்றுவதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், யாரையும் தொந்தரவு செய்யக் கூடாதென்ற நல்ல பழக்கத்தினால் வாய் திறவாது நடந்து, கடைசியில் பாதையிலேயே மயங்கி உட்கார்ந்துவிட்டது. உடன் வந்த மராத்திச் சிறுமி ஒருத்தி கண்டு கூவியதால் கேடின்றி முடிந்தது. அக்குழந்தையின் தண்ணீர்ப் புட்டி முக்கால் பங்கு நிறைந்தே இருந்ததாம். வழியில் கழிப்பிடம் இல்லையென்று கேள்விப்பட்டு, நீரே பருகாமல் இருந்திருக்கிறது!

ஆகவே சில சொற்களை வீட்டிலேயே விளையாட்டாகப் பழக்குங்கள். தாம்ப் என்றால் நில். சாவகாஷ் என்றால் மெல்ல, பார்த்து. ஹாத் லாவூ நகோஸ் என்றால் தொடாதே. தஹான் லாக்லீ என்றால் தாகமாயிருக்கிறது. சக்கர் யேதே என்றால் தலை சுற்றுகிறது. பொறுப்பாளராய் வரும் இளைஞரைத் தாதா என்றும், இளநங்கையைத் தாயீ என்றும் அழைப்பது இங்குள்ள வழக்கம். தாயீ என்பது அக்கா. நம் தாய் அன்று. இதை முன்கூட்டிச் சொல்லாவிடில் சிறு குழந்தைகள் குழம்பிப் போவதைக் கண்டிருக்கிறோம்.

பாம்பின் பெயர்களையும் அவ்வாறே இருமொழியிலும் அறிந்திருத்தல் நலம். கண்ணாடி விரியனை இங்கே கோணஸ் என்பர். சுருட்டை விரியன் ஃபுர்சே. கட்டுவிரியன் மண்யார். நல்ல பாம்பு நாக். இந்தியாவில் வழங்கும் பாம்புக்கடி மாற்று மருந்து இந்நான்கின் நஞ்சுக்கும் சேர்த்தே செய்யப்படுகிறது. பெரும்பாலான குழந்தைகள் ஒரு பாம்பையும் காணாமலே திரும்பும் என்பது உண்மைதான். எனினும் கல்லிடுக்கில் கை விடாதே, கட்டையைத் தாண்டுமுன் அப்புறம் பார் என்னும் இரண்டு பழக்கங்களும் போதிய காவலாகும். கடித்துவிட்டதென்றால் கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் ஆகிய பழைய முறைகளில் ஒன்றும் கூடாது. அச்சம் தெளிவித்து, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, 108-ஐ அழைத்து, சசூன் போன்ற பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே வழி.

பாம்பினும் வெயிலுக்கே நாம் மிகவும் அஞ்சுகிறோம். புனே குளிர்ந்த ஊர் என்ற புகழ் ஏப்ரல், மே மாதங்களுக்குப் பொருந்தாது. 40 பாகையை எட்டும் நாள்கள் உண்டு. முகாமுக்குப் பத்து நாள் முன்பிருந்தே காலையில் அரைமணி நேரம் நடக்க வைத்தால் உடல் பழகிவிடும். பார்வதிக் குன்றின் 103 படிகளை இருமுறை ஏறி இறங்கச் சொல்லலாம். கூடவே நாமும் ஏறினால் நமக்கும் நன்று. முழுக்கைப் பருத்திச் சட்டை, தொப்பி, விரல் மூடிய பழகிய செருப்பு அல்லது கான்வாஸ் காலணி. புதுக் காலணி வாங்கி அன்றே போட்டு அனுப்பாதீர்கள்; முதல் மணி நேரத்திலேயே கொப்புளம் கண்டுவிடும். காலுறை நீளமாய் இருக்கட்டும். குன்றின் புல் கோடையில் காய்ந்து, ஊசி போன்ற விதைகளைக் காலுறையில் தைத்தனுப்பும். மணப்பொருள் எதுவும் பூச வேண்டா. மலைத்தேனீக்கள் உள்ள இடம் அது. தேனடையைக் கண்டால் கல்லெறியும் ஆசை ஆண்பிள்ளைகளுக்கு வருவதுண்டு. அந்த ஒன்றில் மட்டும் கண்டிப்பாய் இருங்கள்.

மே மாதத்துப் பிற்பகலில் திடீரென வானம் கறுத்து இடியுடன் மழை கொட்டுவதுண்டு. அதனை வளீவ் என்பர். இடி கேட்டால் உச்சியை விட்டு இறங்க வேண்டும். தனி மரத்தடியில் ஒதுங்கக் கூடாது.

உணவைப் பற்றி நம் மகளிருக்குச் சொல்லித் தர நாம் யார்? ஆயினும் இரண்டொரு சொல். தயிர்ச் சோறு கட்டினால் பாலை நிறைய விட்டுத் தயிரைச் சிறிதே உறையிட்டுப் பிசைவது நம் வீடுகளில் வழிவழி வந்த முறை. நண்பகலில் புளிப்பேறாமல் இருக்கும். புளியோதரையும், மிளகாய்ப்பொடி தடவிய இட்டிலியும் வெயிலைத் தாங்கும். தண்ணீர் ஒரு லிட்டருக்குக் குறையாமல் கொடுத்தனுப்புங்கள். வீட்டில் காத்திருப்பதற்கு, ஒரு லிட்டர் நீரில் சமமட்டமாய் ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்த நீர் நல்லது. நீர்மோர் அதனினும் சுவையானது. மற்றக் குழந்தைகள் முன் இட்டிலிப் பொட்டலத்தைப் பிரிக்க வெட்கப்பட்டு, ரொட்டியும் ஜாமும்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் குழந்தைகள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு நான்கு இட்டிலிக்குப் பதில் எட்டாக வையுங்கள். மிளகாய்ப்பொடி இட்டிலிக்கு மாற்றாக நிலக்கடலைச் சிக்கியும் தாலிபீட்டும் கைமாறி வருவதைக் கண்டிருக்கிறோம். அந்தப் பண்டமாற்றில் நம் பக்கத்திற்கு நட்டமில்லை.

கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு ஒரு சிறு குறிப்பேடும் பென்சிலும் கொடுங்கள். நம்முடைய குழந்தைகளுக்கு அதில் ஒரு தனி வேலை உண்டு. குன்றில் கேட்கும் மராத்திப் பெயரை ஒரு பக்கத்தில் எழுதட்டும். எதிர்ப் பக்கம் வெறுமையாய் இருக்கட்டும். மாலையில் ஊரிலுள்ள பாட்டியிடமோ ஆச்சியிடமோ தொலைபேசியில் கேட்டு அதனை நிரப்பட்டும். பஹாவா என்று எழுதி வந்தால் அது நம் கொன்றை. மஞ்சள் சரமாய்த் தொங்குமென்று சொன்னதுமே பாட்டி கண்டுகொள்வார். களவந்தைப் போல் ஒலிக்கும் கர்வந்த் என்பது களா. மே மாதத்தில் பழுக்கும். ஜாம்பூள் நாவல். கடுலிம்பு வேம்பு. பளஸ் என்பது புரசு. சென்னைப் புரசைவாக்கத்திற்குப் பெயர் தந்த மரம். டிட்வி என்பது, ஆளைக் கண்டதும் கத்திக் காட்டிக் கொடுக்கும் ஆட்காட்டிக் குருவி. ஆப்டா என்னும் மரத்தின் இலையைத் தசரா அன்று பொன்னென்று சொல்லி ஒருவர்க்கொருவர் கொடுப்பதை ஆண்டுதோறும் இங்கே பார்க்கிறோம். அது வேறெதுவுமன்று, சோழ மன்னர் சூடிய ஆத்தி! இதைச் சொன்னபோது பல ஆண்டுகள் இந்நகரில் வாழ்ந்த நம் அன்பர்களே வியந்தனர். ஒரே பாட்டில் 99 மலர்களை அடுக்கிய கபிலரின் வழிவந்தவர்கள், பத்து மரத்திற்குப் பெயர் தெரியாமல் நிற்பது நமக்கு வருத்தமே. பெயரை அறிந்த பாட்டியரோ ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றனர்.

குறிப்பேடு எவ்வளவு தூரம் கொண்டு செல்லும் என்பதற்கு இந்நகரிலேயே ஒரு சான்றுண்டு. 1942-இல் புனேவில் பிறந்த சூழலியல் அறிஞர் மாதவ் காட்கில், சிறுவராயிருந்தபோது பச்சைப் பஞ்சுருட்டான் குருவி ஒன்றைக் கண்டார். அதன் வால் நடுவே நீண்டிருக்க வேண்டிய மெல்லிறகைக் காணோம். காரணம் கேட்டுப் பறவையியல் அறிஞர் சாலிம் அலிக்குக் கடிதம் போயிற்று. இறகு உதிர்த்து மீண்டும் முளைக்கும் பருவம் அது என்று விடையும் வந்தது. வேறெவரேனும் 'குருவிக்கு வால் இல்லாவிட்டால் உனக்கென்ன?' என்று வாயை அடைத்திருப்பர்.

குன்றில் பச்சையெல்லாம் ஒன்றன்று என்பதையும் குழந்தைகள் அங்கே கற்கலாம். சரிவுகளில் அடர்ந்து நிற்பவற்றுள் பெரும்பங்கு கிளிரிசிடியா. நடு அமெரிக்காவிலிருந்து வந்த மரம். குன்றைப் பசுமையாக்க விரைவில் வளரும் மரம் வேண்டுமென்று நட்டனர். மராத்தியில் உந்தீர்மாரி, அதாவது எலிக்கொல்லி என்பர். விதையையோ பட்டையையோ வாயில் வைக்கக் கூடாது. இக்குன்றின் வழியே சாலை போடும் திட்டத்தை எதிர்த்து 2023-இல் நகரத்தார் பெருந்திரளாய் ஊர்வலம் போயினர், குழந்தைகளும் நடந்தனர்.

பிள்ளை திரும்பியதும் 'என்ன கற்றாய்?' என்று பரீட்சை வைக்காதீர்கள். முதலில் நீர் கொடுத்து, காலுறையை வாசலிலேயே கழற்றச் செய்து, காதோரமும் கால்மடிப்பும் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துக் குளிப்பாட்டுங்கள். சோறு உண்டபின் தானே பேசும். சென்ற மே மாதத்தில் ஒரு சிறுவன் திருநெல்வேலியிலுள்ள ஆச்சியிடம் பதினொரு பெயர்களைப் படித்துக் காட்டினான். எட்டுக்கு உடனே விடை கிடைத்தது. இரண்டுக்கு இலையின் வடிவத்தைக் கேட்டுச் சொன்னார். பதினொன்றாவது கிளிரிசிடியா. அதனைத் தாம் கண்டதே இல்லையென்றும், இலையொன்றைக் காயவைத்து அஞ்சலில் அனுப்புமாறும் ஆச்சி கேட்டுக்கொண்டார். அச்சிறுவன் மறுநாள் முகாமுக்கு ஒரு பழைய செய்தித்தாளையும் மடித்து எடுத்துச் சென்றான்.