சட்டைப்பைக் கணக்கேடு

காளஹஸ்தியில் எங்கள் வீட்டின் முன்னறையில் எப்போதும் கடுக்காய் மணம் வீசும். என் தாத்தா காஞ்சிபுரத்திலிருந்து துணி வணிகத்திற்காக இவ்வூருக்கு வந்து தங்கிவிட்டவர். அப்பாவும் அத்தொழிலையே தொடர்ந்தார். கலம்காரி ஓவியர்களுக்குத் துணியும் முன்பணமும் கொடுப்பார். அவர்கள் வரைந்து முடித்தவற்றைத் திருப்பதிக்கும் சென்னைக்கும் அனுப்புவார். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் என்று எங்கள் ஒவ்வொரு நாளும் பல மொழிகளில் கழியும்.

எங்கள் தொழில் முழுவதும் ஒரே கணக்கேட்டில் அடங்கியிருந்தது. யாருக்கு எவ்வளவு முன்பணம், எத்தனை முழம் துணி, எந்த நாளில் முடித்துத் தரவேண்டும், யாருடைய தொலைபேசி எண் எது என்பவை எல்லாம் அதில் தமிழில் எழுதப்பட்டிருக்கும். 2005ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒருநாள், அப்பா அதைத் துணிமூட்டையோடு வைத்து எடுத்துச் சென்றார். வழியில் பெய்த மழையில் ஏடு நனைந்து, பாதிப் பக்கங்களில் மை கரைந்துவிட்டது. தாம் பெற்ற முன்பணம் எவ்வளவு என்று ஓவியர்களிடமே கேட்டு எழுத வேண்டியதாயிற்று. அவர்கள் நேர்மையாகச் சொன்னார்கள். ஆயினும், ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் நின்று கேட்டபோது அப்பா கூசிப்போனார்.

"சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும்படியாக ஒரு கணினி இருந்தால் நல்லது" என்றார் அன்றிரவு.

பெங்களூரில் பணிபுரிந்த என் மாமா தீபாவளிக்கு வந்தபோது இரண்டு கையடக்கக் கணினிகளைக் கொண்டுவந்தார். இரண்டும் பிறர் பயன்படுத்திய பழைய கருவிகள். ஒன்றை நாங்கள் விலைக்கு எடுத்துக்கொண்டு மற்றொன்றைத் திருப்பித் தருவது என்று ஏற்பாடு.

முதலாவது, அமெரிக்காவில் 1998இல் வெளிவந்த 'பாம் 3'. உள்ளங்கையில் அடங்கும் சாம்பல் நிறக் கருவி. நாள்குறிப்பு, முகவரி, செய்யவேண்டிய பணிகள், குறிப்பேடு ஆகிய நான்கிற்கும் நான்கு பொத்தான்கள் இருந்தன. அழுத்திய உடனே உரிய பக்கம் திறக்கும். இரண்டு சிறிய மின்கலங்களைப் போட்டால் பல வாரங்கள் உழைக்கும். மின்வெட்டு மிகுந்த எங்கள் ஊருக்கு இது பெரிய வசதி. விலையும் குறைவு.

இரண்டாவது, நம் நாட்டிலேயே உருவான 'சிம்ப்யூட்டர்'. எளிய, விலை குறைந்த, பல மொழி அறிந்த மக்கள் கணினி என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி அதற்குப் பெயரிட்டிருந்தார்கள். பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்களும் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் பொறியாளர்களும் சேர்ந்து அதை வடிவமைத்தார்கள். முன்மாதிரி 2001இல் வெளியிடப்பட்டது. 'அமிடா' என்ற பெயரில் 2004இல் விற்பனைக்கு வந்தது. சிற்றூர் மக்கள் ஒரே கருவியைப் பலராகப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது அதனை உருவாக்கியவர்களின் எண்ணம். அதற்காக, ஒவ்வொருவரும் தத்தம் அட்டையைச் செருகித் தத்தம் பதிவுகளைக் காணும் வசதியை அமைத்திருந்தார்கள். ஆனால் பாம் கருவியைவிட இது பருமனானது, விலை கூடியது, அடிக்கடி மின்னூட்டம் செய்ய வேண்டியது.

நான் அப்போது பதினொன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். பாம் கருவியைத்தான் வாங்க வேண்டும் என்று வாதாடினேன். அதன் திரையில் எழுத்தாணியால் எழுதுவதற்குத் தனி முறை உண்டு. ஆங்கில எழுத்துகள் பெரும்பாலானவற்றைக் கையெடுக்காமல் ஒரே இழுப்பில் எழுத வேண்டும். முதலெழுத்தை நடுக்கோடு இல்லாமல், கூரை வடிவில் எழுதினால் போதும். ஒரு பிற்பகலுக்குள் அம்முறையை முழுவதும் கற்றுக்கொண்டேன். அப்பாவின் பெயரை எழுதிக் காட்டினேன். அவருக்கும் மகிழ்ச்சிதான்.

மாமா உடனே முடிவு சொல்லவில்லை. "அத்தான், இதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் என்பவர் என்ன செய்தார் தெரியுமா? கருவியைச் செய்வதற்கு முன்பே, அதே அளவில் ஒரு மரக்கட்டையை வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். யாரேனும் முகவரி சொன்னால் கட்டையை எடுத்து அதில் எழுதுவதுபோல் நடிப்பார். எந்த வேலைக்கு எத்தனை முறை அது தேவைப்படுகிறது என்று அப்படித்தான் அறிந்தார். நீங்களும் ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். அதன்பின் முடிவு செய்யலாம்" என்றார்.

அந்த எண்ணும் வேலை என்னிடம் வந்தது. புதிய கணக்கேட்டில் யார் எதை எழுதினாலும், நான் வேறொரு தாளில் ஒரு கோடு போட்டேன். ஏழாம் நாள் மொத்தம் 58 கோடுகள் இருந்தன. முன்பணக் கணக்கு 31, துணியின் அளவும் தவணை நாளும் 15, தொலைபேசி எண் 8, ஓவியத்தின் ஓர வேலைப்பாட்டை நினைவில் வைக்கப் போட்ட சிறு வரைபடம் 4.

அப்பா தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கணக்கேட்டைத் திறந்து, ஒவ்வொரு பதிவின் கையெழுத்தையும் பார்க்கத் தொடங்கினார். 58இல் 37 அம்மாவின் கையெழுத்து.

அப்பா வெளியே சென்றிருக்கும் நேரத்தில்தான் ஓவியர்கள் பெரும்பாலும் வீட்டிற்கு வருவார்கள். பணம் கொடுப்பதும் துணி அளந்து கொடுப்பதும் அம்மாவே. அவர் தெலுங்கைச் சரளமாகப் பேசுவார். ஆனால் எழுதத் தெரிந்தது தமிழ் மட்டும். இத்தனை ஆண்டுகளாக நாங்கள் அதை 'அப்பாவின் கணக்கேடு' என்றே சொல்லி வந்திருந்தோம்.

மாமா பாம் கருவியை அம்மாவிடம் நீட்டி, "அக்கா, நீ எழுதிப் பார்" என்றார். அம்மா எழுத்தாணியை வாங்கி 'படிகாரம்' என்று எழுதினார். கருவிக்குத் தமிழ் எழுத்து தெரியாது. தனக்குத் தெரிந்த ஆங்கில எழுத்துகளாக எண்ணி எவற்றையோ திரையில் காட்டியது. அம்மா சிரித்துக்கொண்டே அதைத் திருப்பிக் கொடுத்தார். "எனக்கு எதற்குத் தம்பி? அத்தானுக்கு வசதியாக இருந்தால் போதும்" என்றார். எண்களை எழுதும் முறை ஏறத்தாழ வழக்கமானதுதான்; அதை அவரும் எழுதியிருக்க முடியும். ஆனால் யாருக்கு, எதற்காக என்று எழுத முடியாத எண்களால் என்ன பயன்?

அடுத்துச் சிம்ப்யூட்டரைக் கொடுத்தார். அதில் எந்த மொழியிலும் கையால் எழுதி, எழுதியதை அப்படியே சேமிக்கலாம். அம்மா, 'படிகாரம் இரண்டு கிலோ, முன்பணம் 500' என்று எழுதினார். அவருடைய சாய்ந்த கையெழுத்தே திரையில் நின்றது.

ஆயினும் ஒரு குறை உண்டு என்று மாமா வெளிப்படையாகச் சொன்னார். பாம் கருவி எழுத்தை எழுத்தாக அறிந்துகொள்கிறது; ஆகவே ஒரு பெயரைத் தேடினால் எடுத்துத் தரும். சிம்ப்யூட்டரில் கையால் எழுதிவைப்பது ஒரு படம்தான். அதைத் தேடவும் முடியாது, கூட்டவும் முடியாது. மறுபுறம், பாம் கருவியின் பதிவுகள் மின்கலத்தின் ஆற்றலால் நிலைத்திருப்பவை. மின்கலம் தீர்ந்ததைக் கவனியாமல் விட்டால் அவை அழிந்துவிடும். மேசைக்கணினியோடு இணைத்து அவ்வப்போது படியெடுத்து வைக்க வேண்டும். எங்கள் வீட்டிலோ அப்போது கணினி இல்லை.

அப்பா தம் தொழிலை வைத்தே யோசித்தார். "மசூலிப்பட்டினத்தில் மர அச்சை வைத்துத் துணியில் ஒற்றுகிறார்கள். வேலை விரைவாக முடியும்; எல்லாம் ஒரே சீராகவும் இருக்கும். நம் ஊரில் மூங்கில் குச்சியால் ஒவ்வொரு கோட்டையும் கையால் இழுக்கிறார்கள். நேரம் ஆகும், ஆனால் வரைகிறவர் நினைத்ததை வரையலாம். இரண்டும் நல்ல வேலைதான். நமக்கு எது தேவை என்பதுதான் கேள்வி" என்றார். சற்றுப் பொறுத்து, "எனக்கு எது வசதி என்று மட்டும் பார்த்தேன். எழுதுகிறவரைக் கேட்கவில்லை" என்று சொல்லிச் சிம்ப்யூட்டரை அம்மாவின் பக்கம் நகர்த்தி வைத்தார்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இருப்பினும், என் பங்கிற்கு ஒரு வேலை கிடைத்தது. ஒவ்வொரு நாள் இரவும் அம்மா திரையைப் பார்த்து வாசிப்பார். நான் ஏட்டில் எழுதிக் கூட்டுவேன். 'ளகர'த்திற்குப் பதிலாக 'லகர'த்தை எழுதிவிட்டால் அம்மா நிறுத்தித் திருத்துவார். பள்ளியில் தமிழ் படிக்க வாய்ப்பில்லாத நான், பிழையின்றித் தமிழ் எழுதக் கற்றது அந்தக் கணக்கில்தான்.

சிம்ப்யூட்டர் எதிர்பார்த்த அளவு விற்பனையாகவில்லை. கைப்பேசிகள் மலிவாகி, எல்லார் கையிலும் வந்துவிட்டன. எங்கள் கருவியும் சில ஆண்டுகளில் அலமாரிக்குள் சென்றது. அதை எடுத்துவிட அம்மா இன்னும் ஒப்பவில்லை.

இப்போது நான் புனேயில் வசிக்கிறேன். இன்றைய கைப்பேசியில் விரலால் தமிழில் எழுதினால், அது அதனை எழுத்தாகவே அறிந்துகொள்கிறது. தேடினால் எடுத்தும் தருகிறது. அன்று இரண்டு கருவிகளில் பிரிந்து கிடந்த வசதிகள் இன்று ஒன்றிலேயே உள்ளன. காளஹஸ்தியிலிருந்து அம்மா அப்படித்தான் எழுதி அனுப்புகிறார். என் மகளோ பாட்டிக்குத் தமிழை ஆங்கில எழுத்துகளில் தட்டி அனுப்புவாள். அம்மாவால் அதைப் படிக்க முடியாது. நான் தொலைபேசியில் அழைத்துப் படித்துக் காட்டுவேன்.

சென்ற மாதம் மகளிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவள் சிறிது நேரம் பேசவில்லை. "அப்படியானால் இப்போது எழுதத் தெரியாதது கைப்பேசிக்கு இல்லை, எனக்குத்தான்" என்றாள். பிறகு திரையில் விரலை வைத்து, மெதுவாக, 'பாட்டி, நலமா?' என்று எழுதினாள். 'நலமா' என்பதில் எந்த 'ல' என்று என்னைக் கேட்டுத்தான் எழுதினாள். அன்று அம்மா என்னைத் தொலைபேசியில் அழைக்கவில்லை. பேத்திக்கே நேராக விடை எழுதினார்.