தடா எல்லையில் கண்ட கைவினைக் கடைகள்

சென்னையிலிருந்து வடக்கே கூடூர் செல்லும் இருப்புப்பாதையில் ஆரம்பாக்கம் தமிழ்நாட்டின் கடைசி நிலையம், அதற்கடுத்தது தடா. சென்னையிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர். இரு நிலையங்களுக்கும் இடையே வண்டி சில நிமிஷ நேரமே ஓடுகிறது. அதற்குள் ஊர்ப் பலகைகளில் எழுத்து மாறிவிடுகிறது, மனிதர் மாறுவதில்லை. தடாவின் கடைத்தெருவில் தெலுங்கில் விலை கேட்டால் தமிழில் விடை வரும்; தமிழில் கேட்டால் தெலுங்கில் மீதிச் சில்லறை எண்ணிக் கொடுப்பர். 1953 அக்டோபர் 1இல் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபொழுது நெல்லூர் ஜில்லாவோடு அப்பக்கம் சென்ற இவ்வூர், 2022 ஏப்ரல் 4 முதல் புதிய திருப்பதி மாவட்டத்தில் அடங்கியிருக்கிறது.

இருப்புப்பாதை எழுத்தர் வேலையில் இருக்கும் நமக்கு இந்த மார்க்கம் பழக்கமானது. எனினும் இம்முறை நாம் தடாவில் இறங்கியது வேறொரு நோக்கத்துடன். நம் சங்கத்து ஆண்டு விழாவிலும் பொங்கல் விழாவிலும் மகளிர் தம் கையால் செய்த பொருள்களை வைத்து விற்கின்றனர். பொருள்கள் நன்றாகவே இருக்கின்றன. விற்பனைதான் அவற்றின் தகுதிக்கு ஏற்றவாறு இல்லை. கைத்தொழில் செழித்த ஒரு வட்டாரத்தில் கடையை எவ்வாறு அமைக்கிறார்கள் என்று கண்டு வந்து எழுதினால் பயன்படும் என்று கருதினோம்.

தடாவுக்குக் கிழக்கே பழவேற்காட்டு ஏரி கடல்போல் விரிந்து கிடக்கிறது. உவர்நீர் ஏரிகளில் நம் நாட்டில் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது இதுவே. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்திலும், தென்கோடி தமிழ்நாட்டிலும் உள்ளன. பனிக்காலத்தில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். அக்காலத்தில் சூலூர்ப்பேட்டையில் பூநாரை விழாவும் நடைபெறுவதுண்டு.

ஏரியின் தென்கோடியிலுள்ள பழவேற்காட்டில் பெண்கள் பனங்குருத்தோலையை உலர்த்தி, கிழித்து, சாயமேற்றிப் பெட்டியும் கூடையும் பின்னுகின்றனர். 1613இல் டச்சுக்காரர் கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டிய ஊர் அது. அங்கிருந்து சோழமண்டலக் கரைத் துணிகள் கப்பலேறிக் கீழைத் தீவுகளுக்குச் சென்றன. தடாவிலிருந்து மேற்கே வரதையபாளையம் வழியாகச் சாலையிற் சென்றால், கண்ணப்ப நாயனாரால் நாம் அறிந்த திருக்காளத்தி வரும். அவ்வூர்க் கலங்காரிக்கு உலகப் பெயர். அதையும் கடந்து ஏர்ப்பேட்டுப் பக்கம் சென்றால், மாதவமாலா என்னும் சிற்றூரில் மரத்தில் தெய்வ உருவங்களைச் செதுக்குகிறார்கள். ஓலை, துணி, மரம் ஆகிய மூன்றும் ஒருநாட் பயணத் தொலைவிற்குள் இருக்கின்றன.

இவ்வெல்லைப்புறத்தில் நடந்த ஒரு விழாச் சந்தையில் நாம் கண்டதை முதலிற் சொல்கிறோம். ஓலைப்பெட்டி விற்போர் இருவர் அடுத்தடுத்துக் கடை வைத்திருந்தனர். இருவரும் ஓரூரினர், பெட்டிகளும் ஒரே தரத்தவை. முதற் கடைக்கார அம்மாள் தரையில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, பெட்டிகளைக் கத்தரிக்காய்க் கூறுபோலக் குவித்திருந்தார். நடந்து போவோர் குனிந்து ஒருமுறை நோக்கிவிட்டு மேலே சென்றனர். நின்ற சிலரும், “ஜோடி என்ன விலை?” என்று கேட்டு, சொன்னதிற் பாதிக்குக் கேட்டனர். அடுத்த கடையில் மூன்று படிகள் இருந்தன. அவற்றின்மேல் பூவேலையில்லாத கருநீலத் துணி. ஒவ்வொரு பெட்டிக்கும் இடையே ஒரு சாண் இடம். ஓரத்தில் ஒரு பெண் அமர்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். அங்கே கூட்டம் நின்றது. பேரம் குறைவாக இருந்தது.

முதற் கடை அம்மாளிடம் பேச்சுக் கொடுத்தோம். “ஒரு பெட்டிக்கு ரெண்டு நாள் போகுது தம்பி. பஸ்ஸுக்கும் கடை வாடகைக்கும் கடன் வாங்கி வந்திருக்கேன். இங்க விற்றால்தான் அடுத்த ஓலை வாங்கணும்,” என்றார். அவருடைய மகள் இவ்வேலையைப் பழக மறுத்துவிட்டாளாம். அருகே தொழிற்பேட்டை இருக்கிறது; அங்கே மாதம் பிறந்தால் சம்பளம். பாதி விலைக்குக் கேட்கப்படும் வேலையை எந்தப் பெண் கற்க விரும்புவாள்? ஒரு கடையின் அமைப்பு அன்றைய வரும்படியோடு முடிந்துவிடுவதன்று, ஒரு தொழில் அடுத்த தலைமுறைக்குப் போகுமா என்பதையும் அது தொட்டு நிற்கிறது என்று அப்பொழுது உணர்ந்தோம்.

மறுநாள் காலையில் பக்கத்துக் கடைக்காரரே ஏரிக்கரையிலிருந்து வெற்று மீன் பெட்டிகள் நான்கைக் கொணர்ந்து கொடுத்தார். கழுவிக் கவிழ்த்து, மேலே ஒரு பழைய ஒற்றை நிறச் சேலையைப் போர்த்தியதும் படிகள் ஆயின. குவியலில் இருந்தவற்றிற் பன்னிரண்டை மட்டும் மேலே வைத்து, மற்றவற்றைத் துணிக்குப் பின்னால் மறைத்துவிட்டார்கள். மாலையில் அந்த அம்மாள், “சொன்ன விலைக்கே நாலு போச்சு,” என்று மகிழ்ந்தார். அதற்கு ஆன செலவு ஒன்றுமில்லை.

இதன் காரணம் எளிது. குவியல் என்பது மலிவின் அடையாளம். காய்கறிச் சந்தையில் பழகிய கண், குவித்த பொருளைக் கண்டதும் தானே விலையைக் குறைத்துவிடுகிறது. தனியே நிற்கும் பொருளைக் கண்டால், “இதை யார் செய்தார்? எப்படிச் செய்தார்?” என்று கேட்கத் தோன்றுகிறது. செய்த கை வாங்குவோர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கடை அமைப்பதன் சாரம் இதுவே.

திருக்காளத்திக் கலங்காரி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பருத்தித் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்துவர். மூங்கிற் குச்சியின் முனைக்கு மேலே துணியோ கம்பளியோ சுற்றி நூலாற் கட்டினால் அதுவே எழுதுகோல். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் பல நாள் ஊறவைத்த நீரே கறுப்பு மை. அது கடுக்காய் ஏறிய துணியிற் பட்டதும் கருமையாகிறது. படிகாரம் தொட்ட இடத்திற் சிவப்புச் சாயம் பற்றும். இடையிடையே பொன்முகலி ஆற்றின் ஓடும் நீரில் அலசுவர். 1950களில் நலிந்திருந்த இத்தொழிலுக்குக் கமலாதேவி சட்டோபாத்தியாயரின் முயற்சியால் அங்கே பயிற்சி நிலையம் ஏற்பட்டது. இன்று புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது.

இக்கலை தமிழ்நாட்டிலும் உண்டு. கருப்பூரிலும் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் கோவில்களுக்காகத் தொம்பை, அசமானகிரி, தோரணம் முதலியன எழுதினர். தொம்பை தேரிலும் மண்டபத்திலும் தொங்குவது; அசமானகிரி மேற்கட்டியாக விரிவது. அதாவது, கலங்காரி தொங்குவதற்கென்றே பிறந்த துணி. அதை நான்காய் மடித்து அடுக்கி வைத்தால் இராமாயணம் முழுவதும் மடிப்புக்குள் மறைந்துபோம். ஒரு பெரிய துணியையாவது கடையின் பின்புறத்தில் முழுமையாகத் தொங்கவிட வேண்டும். இருபது அடிக்கு அப்பால் வருபவரையும் அது அழைத்துவிடும்.

ஆனால் இன்று அச்சடித்த துணியும் கலங்காரி என்ற பெயரிலேயே விலை குறைவாக வருகிறது. இரண்டையும் அருகருகே வைத்தாலும் புதியவர்க்கு வேற்றுமை தெரியாது. ஆதலால் கடை முன்னே ஒரு கிண்ணத்திற் கடுக்காய், ஒரு மூங்கில் எழுதுகோல், பாதி எழுதிய துணித் துண்டு ஆகியவற்றை வைத்தல் நன்று. அச்சில் ஒரு பூப்போலவே மறு பூ இருக்கும். கையெழுத்தில் கோடு சற்றே தடித்தும் மெலிந்தும் ஓடும். இதைச் சுட்டிக்காட்டினால் வாங்குபவர் தாமே வேற்றுமையைக் கண்டுகொள்வர். அதன்பின் விலையை நியாயப்படுத்த நெடுநேரம் பேச வேண்டுவதில்லை.

கடைக்குப் பின்னணி நிறமும் முக்கியம். வெளிறிய ஓலைக்குக் கருநீலமோ காவியோ ஏற்றது. பல நிறக் கலங்காரிக்கு வெளுக்காத பருத்தித் துணியே போதும். சரிகை வேலை மிகுந்த பட்டைப் பின்னால் தொங்கவிட்டால், கண் பட்டில் நிற்குமேயன்றிப் பொருளிற் செல்லாது. இயற்கைச் சாயம் கடும் வெயிலில் மங்கும். ஆகவே கடை வடக்கு நோக்கி அமைவது நலம். மாலையில் மேலிருந்து விழும் ஒரே குழல் விளக்கைவிட, பக்கவாட்டிலிருந்து வரும் மஞ்சள் ஒளி மரச் சிற்பத்தின் மேடு பள்ளங்களை நன்கு காட்டும்.

நம் துறையிலிருந்தும் ஒரு சான்று தரலாம். ‘ஒரு நிலையம், ஒரு பொருள்’ என்னும் திட்டம் 2022 மார்ச்சில் சில நிலையங்களிற் சோதனையாகத் தொடங்கி, பின்னர் நாடெங்கும் பரவியது. தொடக்கத்திலேயே திருப்பதி நிலையத்திற் கலங்காரி இடம்பெற்றது. இக்கடைகளின் வடிவத்தை அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வகுத்தது. அந்நிறுவனம் 1961இல் தோன்றியது. அதற்கு வழிகாட்டியாயிருந்த 1958ஆம் ஆண்டு அறிக்கையை எழுதிய சார்லஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்கத் தம்பதியர், நம் வீட்டுச் செம்பையே சிறந்த வடிவத்திற்கு உதாரணமாகக் காட்டினர். நாம் நாள்தோறும் கையாளும் பொருள் பிறர் கண்ணில் அத்துணை உயர்வாகத் தோன்றியிருக்கிறது.

வண்டி நிற்பதோ சில நிமிஷம். பிரயாணியின் ஒரு கையிற் பெட்டி, மறு கையிற் குழந்தை. விலை கேட்க அவருக்குப் பொழுதில்லை. ஆகவே விலைச் சீட்டு தெளிவாக, பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். தூக்கிச் செல்ல இலகுவான சிறு பொருள்கள் முன் வரிசையில் நிற்க வேண்டும். கட்டிக் கொடுக்கும் பை ஆயத்தமாக இருக்க வேண்டும். விழாக்கூட்டத்தில் வருபவர் நிலையும் ஏறக்குறைய இதுவே.

தில்லியில் வாழும் அன்பர்கள் ‘தில்லி ஹாட்’டை அறிவர். 1994இல் திறந்த அச்சந்தையில் கைவினைஞர்கள் முறைவைத்து மாறி மாறி வருவதால், விற்பவர் பெரும்பாலும் செய்தவராகவோ அவர் குடும்பத்தினராகவோ இருக்கிறார். வாங்குபவர் பொருளோடு ஒரு முகத்தையும் நினைவிற் கொண்டு போகிறார். சங்கத்துக் கடையிலும் செய்தவரே அமர்ந்து வேலை செய்வது சிறப்பு. ஆனால் நடுவில் அமர்ந்து வழியை மறைக்கலாகாது. ஓரத்திலிருந்தால் நின்று பார்ப்பவர்க்கும் இடமிருக்கும்.

இவற்றையெல்லாம் கண்டபின் நமக்குத் தோன்றியது, நம் இல்லத்துப் பெண்மணிகளுக்கு இது புதிய வித்தையன்று என்பதே. நவராத்திரியிற் கொலு வைக்கத் தெரிந்தவர்க்குக் கடை வைக்கத் தெரியாமற் போகுமா? மேற்படியிற் பெரியவை, கீழ்ப்படியிற் சிறியவை, பின்னே ஒரு துணி, பக்கத்தில் ஒரு விளக்கு, வருவோரை வரவேற்று அமர்த்துதல் யாவும் நாம் அறிந்தனவே. கொலுவில் விலைச் சீட்டு இல்லை, கடையில் உண்டு. மற்றபடி வேற்றுமை சிறிது.

வரும் விழாவுக்குக் கடை வைக்கக் கருதுவோர்க்குச் சில குறிப்புகள் சொல்கிறோம். விழாவுக்கு ஒரு வாரம் முன்னதாகவே, கிடைக்கும் இடத்தின் அளவை வீட்டுக் கூடத்திலோ மாடியிலோ கோலப்பொடியாற் குறித்து, பொருள்களை ஒருமுறை அடுக்கிப் பார்க்க வேண்டும். பின்பு பத்தடி தள்ளி நின்று, முதலில் எது கண்ணிற் படுகிறதென்று வீட்டுப் பிள்ளைகளைக் கேட்க வேண்டும். விற்றதன் இடத்தில் உடனே மற்றொன்றை வைக்க வேண்டும். வெற்றுப்படி கழித்த சரக்குப்போல் தோன்றும். திறந்த வெளியாயின் துணியின் ஓரங்களில் மணற் பைகளைக் கட்டுவது அவசியம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சிறு அட்டையில், செய்தவர் எந்த ஊர், எத்தனை நாள் வேலை, எவ்வாறு துடைப்பது அல்லது துவைப்பது என்பதைத் தமிழிலும் நாம் வாழும் ஊரின் மொழியிலும் எழுதி வைக்கலாம். மொழி எல்லையிலேயே வாழும் தடா மக்களுக்கு இது இயல்பாக அமைந்திருக்கிறது; அயலூரில் வாழும் நமக்கும் அது பொருந்தும்.

மற்றுமொரு வேண்டுகோள். சங்கத்துக் கடையில் ஒரு படியையாவது பழவேற்காட்டு ஓலைப்பெட்டிக்கும் திருக்காளத்தித் துணிக்கும் ஒதுக்கலாம். நேரே அவர்களிடம் கொள்முதல் செய்து, அவர்கள் சொல்லும் விலையைக் குறைக்காமற் கொடுத்து வாங்கினால், அந்தப் பெண்ணின் இரண்டு நாள் உழைப்புக்கு உரிய மதிப்பு அவள் வீட்டுக்கே போய்ச் சேரும். சங்கத்துச் செயற்குழுவினர் இதனை ஆலோசித்து, வரும் தைத்திங்களுக்குள் ஆவன செய்வார்களாக.